பாதியாகிப்போன வுட் த்ரஷ்: கிழக்கு வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்கும், உறுப்பினர் குடும்பங்களுக்கும்,

வணக்கம்.

பொங்கல் விழா, சித்திரைத் திருநாள், தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா, கோடைக்காலப் பிக்னிக் என்று உங்கள் நாட்காட்டி ஏற்கெனவே நிரம்பிக் கிடக்கும். அதில் ஜூன் மாதத்து விடியற்காலை ஒன்றையும், அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் கொஞ்ச நேரத்தையும் கேட்டுத்தான் இந்த மடலை எழுதுகிறேன். கேட்பது ஒரு பறவைக்காக. வர்ஜீனியா, மேரிலாந்து, பென்சில்வேனியா, நியூஜெர்சி, நியூயார்க், அப்புறம் எல்லை தாண்டித் தெற்கு ஒண்டாரியோ என்று நாம் குடியிருக்கும் அதே நிலத்தில்தான் அதுவும் கூடு கட்டுகிறது. நம்மவர்கள் இங்கே வந்து வேரூன்றிய அதே காலத்தில்தான் அதன் எண்ணிக்கை பாதியாகக் குறைந்திருக்கிறது.

பறவையின் பெயர் வுட் த்ரஷ். நம் ஊர்த் தோப்புகளில் சருகைக் கிளறித் திரியும் செந்தலைப் பூங்குருவியின் குடும்பத்தைச் சேர்ந்தது. மைனாவைவிடச் சற்றுச் சிறியது. தலையும் முதுகும் இலவங்கப்பட்டை நிறம், வெள்ளை மார்பு முழுக்கக் கரும்புள்ளிகள். சித்திரை பிறந்து ஒன்றிரண்டு வாரத்தில் மேரிலாந்துக் காடுகளுக்கு வந்துவிடும். ஆளுயரத்திலிருந்து கொஞ்சம் மேலே, இளமரக் கிளையில் இலையும் சேறும் வைத்துக் கிண்ணம் மாதிரிக் கூடு கட்டி, நீலப்பச்சை நிறத்தில் மூன்று நான்கு முட்டை இடும். முடிந்தால் அதே கோடையில் இரண்டாம் முறையும் குஞ்சு பொரிக்கும். பார்ப்பது கடினம், கேட்பது எளிது. பறவைகளின் குரலுறுப்புக்கு இரண்டு பக்கம் உண்டு. வுட் த்ரஷ் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக இயக்கி, ஒரே நேரத்தில் இரண்டு சுரங்களைப் பாடும். பாட்டின் கடைசித் துணுக்கில் காடே அதிர்வதுபோல் கேட்பது அதனால்தான். இருட்டும் நேரத்தில் வாஷிங்டனின் ராக் க்ரீக் பூங்காவில் நடந்தவர்கள் யாராக இருந்தாலும், பெயர் தெரியாமலாவது அதைக் கேட்டிருப்பீர்கள். தலைநகர் வாஷிங்டனின் அதிகாரபூர்வப் பறவையும் இதுதான்.

உலகத்தில் இன்னும் சுமார் 1 கோடியே 20 லட்சம் வுட் த்ரஷ்கள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். கேட்க நிறையத்தான் இருக்கிறது. ஆனால் 1966 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 1.3 விழுக்காடு குறைந்துகொண்டே வந்த பிறகு மிஞ்சிய எண்ணிக்கை இது. 1.3 விழுக்காடு என்றால் என்ன? ஒரு காட்டில் 1,000 பறவை இருந்தால் அடுத்த ஆண்டு 987. யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பத்து ஆண்டு கழித்து சுமார் 877. அப்போதும் அதே இடத்தில் அதே பாட்டு கேட்கத்தான் செய்யும். ஐம்பத்து மூன்றாவது ஆண்டில் 500. கூட்டு வட்டி தலைகீழாக ஓடினால் எப்படியோ அப்படி. ஒரு தனி மனிதரின் நினைவுக்கு இந்தச் சரிவு பிடிபடாது. இந்தக் காட்டில் எப்போதும் இவ்வளவுதான் பாடும் என்று அடுத்த தலைமுறை நினைத்துக்கொள்ளும்.

பிறகு எப்படித் தெரிந்தது? யாரோ சிலர் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரே மாதிரி எண்ணிக்கொண்டே இருந்ததால் தெரிந்தது. இந்த மடலின் மையம் அதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1960களின் தொடக்கத்தில் டி.டி.டி. என்ற பூச்சிமருந்தின் தெளிப்பு உச்சத்தில் இருந்தது. புல்வெளிகளில் ராபின் பறவைகள் செத்து விழுந்தன. மேரிலாந்தின் பட்டக்ஸன்ட் ஆய்வு மையத்தில் சாண்ட்லர் ராபின்ஸ் என்ற பறவையியலாளர் வேலை பார்த்துவந்தார். பூச்சிமருந்து பறவைகளை என்ன செய்கிறது என்று கவலைப்பட்டுப் பொதுமக்கள் கேட்டபோது, ஒரு தோட்டத்தில் எத்தனை செத்தன என்று சொல்ல முடிந்தது. கண்டம் முழுக்க ராபின்கள் குறைகின்றனவா என்பதற்குப் பதில் சொல்ல யாரிடமும் தரவு இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் ராபின்ஸ் ஒரு முறையை வகுத்தார். 1966இல் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே தொடங்கி, சில ஆண்டுகளில் அமெரிக்கா, கனடா முழுக்கப் பரவிய இனப்பெருக்கப் பறவைக் கணக்கெடுப்பு (Breeding Bird Survey) அது. சுருக்கமாக பி.பி.எஸ். என்பார்கள். இன்று 4,000க்கும் மேற்பட்ட வழித்தடங்கள் இருக்கின்றன.

முறை எளிமையானது, கறாரானது. ஒரு வழித்தடம் என்பது சுமார் 39 கிலோமீட்டர் நீளச் சாலை. அதில் 800 மீட்டருக்கு ஒன்றாக 50 நிறுத்தங்கள். சூரிய உதயத்துக்கு அரைமணி நேரம் முன்னால் முதல் நிறுத்தத்தில் நிற்க வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் மூன்று நிமிடம், சுற்றிலும் 400 மீட்டர் தூரத்துக்குள் கண்ணில் பட்ட, காதில் விழுந்த எல்லாப் பறவையையும் குறித்துக்கொண்டு அடுத்த நிறுத்தத்துக்குப் போக வேண்டும். மூன்று நிமிடம் முடிந்தபின் எவ்வளவு அரிய பறவை பாடினாலும் அது கணக்கில் சேராது. மழையோ பலத்த காற்றோ இருந்தால் வேறு நாள். பெரும்பாலான இடங்களில் இது ஜூனில் நடக்கிறது. அடுத்த ஆண்டும் அதே சாலை, அதே நிறுத்தம், அதே மூன்று நிமிடம். செய்பவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்.

இந்த முறையில் குறைகள் உண்டு என்பதை இதை நடத்துபவர்களே முதலில் சொல்வார்கள். சாலையோரத்தில் மட்டும் எண்ணினால் நடுக்காட்டில் நடப்பது முழுதாகத் தெரியாது. ஒருவர் காது கூர்மை, இன்னொருவருடையது மந்தம். புதிதாக வருபவர் முதல் ஆண்டில் குறைவாக எண்ணுவார், இரண்டாம் ஆண்டிலிருந்து கூடும். அதைப் பறவை பெருகியதாக எடுத்துக்கொண்டால் தவறு. ஜான் சாவர், வில்லியம் லிங்க் போன்ற ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்து, ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டையும் அந்த முதலாண்டு விளைவையும் பிரித்தெடுக்கும் கணித மாதிரிகளைக் கட்டினார்கள். ஆனால் எந்த மாதிரியும் எடுக்காமல் விட்ட ஆண்டைத் திருப்பிக் கொண்டுவராது. 2020இல் பெருந்தொற்றால் கணக்கெடுப்பையே ரத்து செய்தார்கள். வரைபடத்தில் அந்த ஆண்டு வெற்றிடமாகவே இருக்கும். ஒரு ஆண்டு போனதைத் தாங்கிக்கொள்ளலாம். தொடர்ந்து சில ஆண்டுகள் போனால், முன்னால் எண்ணியதையும் பின்னால் எண்ணுவதையும் ஒட்டவைப்பது மிகக் கடினம்.

இந்தத் தொடர் எண்ணிக்கை என்ன கொடுத்தது என்று பாருங்கள். 1989இல் ராபின்ஸும் சாவரும் சக ஆய்வாளர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குளிர்காலத்தை மத்திய, தென் அமெரிக்காவில் கழிக்கும் கிழக்குப் பகுதிக் காட்டுப் பறவைகளில் பெரும்பாலானவை 1978 வரை நிலையாகவோ பெருகியோ இருந்தன, அதன் பிறகு சரியத் தொடங்கின என்று அதில் காட்டினார்கள். திருப்பம் எந்த ஆண்டுவாக்கில் நடந்தது என்றே சொல்ல முடிந்தது. 1980இல் எண்ண ஆரம்பித்திருந்தால் இது தெரியவே வந்திருக்காது.

எண்ணிக்கை சரிவைக் காட்டிய பிறகுதான் காரணத்தைத் தேடிப் போனார்கள். அதில் ஒரு புதிர் இருந்தது. வடகிழக்கு அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டில் காடு குறையவில்லை, கூடியது. விவசாயிகள் கைவிட்ட வயல்களெல்லாம் மீண்டும் மரமாகின. காடு வளர்ந்திருக்க, காட்டுப் பறவை ஏன் குறைகிறது?

ஒரு விடை நம் வீட்டுப் பின்பக்கத்தில் இருக்கிறது. 1985இல் டேவிட் வில்கோவ் மேரிலாந்திலும் கிரேட் ஸ்மோக்கி மலைகளிலும் செயற்கைக் கூடுகளில் முட்டை வைத்துப் பார்த்தார். பெரிய காட்டில் வைத்தவை பெரும்பாலும் தப்பின. புறநகர்ப் பகுதியின் சின்னக் காட்டுத் துண்டுகளில் பெரும்பாலானவை காலி. வீடுகள் இருக்கும் இடத்தில் ரக்கூன், காக்கை, ப்ளூ ஜே, அணில், பூனை எல்லாமே அதிகம். 1995இல் ஸ்காட் ராபின்சன் குழு மத்திய மேற்கு மாநிலங்களில் ஆயிரக்கணக்கான கூடுகளைத் தொடர்ந்து பார்த்து, காடு துண்டாக ஆக, கௌபேர்ட் என்ற பறவை பிற பறவைக் கூடுகளில் முட்டையிடுவது கடுமையாகக் கூடுகிறது என்று காட்டியது. நம் ஊர்க் குயில் காக்கைக் கூட்டில் இடுவதைப் போலத்தான். காக்கை வலிமையானது, சமாளித்துக்கொள்ளும். வுட் த்ரஷ் தாய் கௌபேர்ட் குஞ்சை ஊட்டி வளர்த்துத் தன் குஞ்சுகளில் சிலவற்றை இழக்கும். மரம் நிற்கிறது, இலை இருக்கிறது, பறவையும் வந்து பாடுகிறது. குஞ்சு மட்டும் தேறுவதில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்தக் காடு செழிப்பாகவே தெரியும்.

மான் இன்னொரு காரணம். ஓநாயும் மலைச்சிங்கமும் இல்லாமல் போன இந்தக் கிழக்குக் காடுகளில் வெள்ளைவால் மான் பெருத்துவிட்டது. நம் குழந்தைகளுக்கு ஜன்னல் வழியாக மானைப் பார்ப்பதில் இருக்கும் மகிழ்ச்சியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவை இளமரங்களையும் புதர்களையும் மேய்ந்து தீர்த்துவிடுவதால், வுட் த்ரஷ் கூடு கட்டும் உயரத்தில் எதுவும் மிஞ்சுவதில்லை.

அமில மழையும் கைவைத்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஸ்டெஃபன் ஹேம்ஸும் குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், அமில மழை அதிகம் பெய்யும் பகுதிகளில் வுட் த்ரஷ் கூடு கட்டும் வாய்ப்பு குறைவதாகக் கண்டார்கள். மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்து கரைந்து போனால் நத்தையும் சருகுப் பூச்சிகளும் குறையும். முட்டை ஓட்டுக்கும் குஞ்சின் எலும்புக்கும் வேண்டிய கால்சியம் தாய்க்குக் கிடைக்காது. 1990இல் திருத்திய தூய காற்றுச் சட்டத்துக்குப் பிறகு புகைபோக்கிகளிலிருந்து வரும் கந்தகம் மிகவும் குறைந்துவிட்டது, அது பெரிய வெற்றி. மண் தேறுவதற்குத்தான் நாளாகிறது.

அப்புறம் குளிர்காலம். 2007இல் டொரண்டோ யார்க் பல்கலைக்கழகத்தின் பிரிஜெட் ஸ்டட்ச்பரி, பென்சில்வேனியாவில் பிடித்த 14 வுட் த்ரஷ்களின் முதுகில் ஒரு சின்னக் கருவியைக் கட்டிவிட்டார். சூரியன் எப்போது உதித்தது, எப்போது மறைந்தது என்று பதிவுசெய்யும் கருவி; அந்த நேரங்களை வைத்துப் பறவை இருந்த இடத்தைக் கணிக்கலாம். அடுத்த ஆண்டு ஐந்திடமிருந்து தரவு கிடைத்தது. பாட்டுப் பறவை ஒன்றின் முழு வலசைப் பாதை உலகத்துக்குத் தெரிந்தது அப்போதுதான். ஐந்தும் குளிர்காலத்தைக் கழித்தது கிழக்கு ஹோண்டுராஸ், நிகரகுவா ஒட்டிய குறுகிய நிலப்பட்டையில். பென்சில்வேனியாவின் ஒரு காட்டுக்கும் அங்குள்ள ஒரு காட்டுக்கும் இவ்வளவு நேரடித் தொடர்பு உண்டு என்பது அதுவரை யூகமாக மட்டுமே இருந்தது. அங்கே காட்டை வெட்டி மேய்ச்சல் நிலமாக்கினால், இங்கே ஏப்ரலில் வரவேண்டிய பறவை வராது. ஹோண்டுராஸில் மரநிழலில் வளர்க்கும் காப்பித் தோட்டங்களில் வுட் த்ரஷ் குளிர்காலத்தைக் கழிக்கிறது. நம் வீடுகளில் காலைக் காப்பி இல்லாமல் நாள் விடியாது. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் பறவை நேயச் சான்று பெற்ற காப்பிக்கொட்டை இங்கே கடைகளில் கிடைக்கிறது. மரம் நிற்கும் தோட்டத்தில் விளைந்தது என்பதற்கு அதைவிடக் கறாரான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. விலை கூடத்தான். முடிந்தவர்கள் வாங்குங்கள், சங்க விழாக்களுக்கு மொத்தமாக வாங்கும்போதாவது யோசியுங்கள்.

2019இல் கென் ரோசன்பெர்க் தலைமையிலான குழு எல்லாப் பறவைகளையும் சேர்த்துக் கணக்குப் போட்டது. 1970க்குப் பிறகு அமெரிக்காவும் கனடாவும் இழந்த பறவைகள் 290 கோடி, அதாவது 29 விழுக்காடு. அந்தக் கணக்குக்கும் முதன்மையான அடிப்படை பி.பி.எஸ். தரவுதான். அதைச் சரிபார்க்க வானிலை ராடார் பதிவுகளை எடுத்தார்கள். இரவில் வலசை போகும் பறவைக் கூட்டம் மழைமேகம் மாதிரியே ராடாரில் தெரியும். 2007 முதல் 2017 வரை அந்தக் கூட்டத்தின் மொத்த எடை சுமார் 14 விழுக்காடு குறைந்திருந்தது, அதிலும் கிழக்குப் பகுதியில்தான் அதிகம். கனடா 2012இல் வுட் த்ரஷை அச்சுறுத்தலில் உள்ள இனம் என்று மதிப்பிட்டு, 2017இல் சட்டப்பட்டியலிலும் சேர்த்தது.

எல்லாமே இறங்குமுகம் என்று நான் சொல்லவில்லை. இதே கிழக்குக் காடுகளில் ரெட்-ஐட் விரியோ என்ற பறவை பெருகியிருக்கிறது. நியூஹாம்ப்ஷயரின் ஹப்பர்ட் புரூக் காட்டில் ரிச்சர்ட் ஹோம்ஸ் 1969இல் தொடங்கிய கணக்கெடுப்பில், ஆரம்பத்தில் மிக அதிகமாக இருந்த லீஸ்ட் ஃப்ளைகேட்சர் பின்னர் முற்றிலும் மறைந்துவிட்டது. அங்கே யாரும் மரத்தை வெட்டவில்லை. காடு முதிர்ந்தது, அந்தப் பறவைக்குப் பிடித்த அமைப்பு மாறிப்போனது. ஆகவே ஒரு கோடு கீழே இறங்கினாலே மனிதன் செய்த கேடு என்று முடிவுகட்ட முடியாது. எது இயல்பான மாற்றம், எது நம்மால் வந்தது என்று பிரித்துச் சொல்லவும் நீண்டகாலத் தரவுதான் வேண்டும்.

அந்தத் தரவுக்கு ஆபத்து வந்திருப்பதால்தான் இப்போது எழுதுகிறேன். அமெரிக்காவில் பி.பி.எஸ்.ஸை நடத்துவது அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் சூழலியல் பிரிவு. 1920 முதல் பறவைகளின் காலில் வளையம் பூட்டும் பணியை ஒருங்கிணைக்கும் ஆய்வகமும் அதன் கீழ்தான் வருகிறது. 2025இல் வெள்ளை மாளிகை அனுப்பிய, 2026 நிதியாண்டுக்கான பட்ஜெட் முன்மொழிவு இந்தப் பிரிவையே முழுதாக ஒழிக்கச் சொன்னது. பணம் ஒதுக்குவது நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது, ஒவ்வொரு ஆண்டும் புதிதாக ஒதுக்க வேண்டும். ஓர் ஆண்டு தப்பினாலும் அடுத்த ஆண்டு இதே கேள்வி எழலாம். தன்னார்வலர்கள் எண்ணினால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். போதாது. வழித்தடங்களை ஒதுக்குவதற்கும், வந்த தாள்களைச் சரிபார்ப்பதற்கும், சரிவைக் கணக்கிட்டு எல்லோருக்கும் இலவசமாக வெளியிடுவதற்கும் சம்பளம் வாங்கும் ஒரு சிறு குழு வேண்டும். அதைக் கலைத்துவிட்டால் காலையில் எழுந்து எண்ணியவருடைய உழைப்பு அவருடைய நோட்டுப்புத்தகத்தோடு நின்றுவிடும்.

ஆகவே முதல் வேண்டுகோள் இது. உங்கள் தொகுதியின் பிரதிநிதிக்கும் இரண்டு செனட்டர்களுக்கும், புவியியல் ஆய்வு மையத்தின் சூழலியல் பிரிவுக்கு முழு நிதி ஒதுக்கச் சொல்லி எழுதுங்கள், தொலைபேசியில் சொல்லுங்கள். சங்கத்தின் பெயரில் ஒரு தீர்மானம் போட்டு அனுப்பினால் இன்னும் நல்லது, அதை அலுவலகத்தில் பதிவு செய்துகொள்வார்கள். நம்மில் பலர் இன்னும் விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள், நமக்கு எதற்கு வம்பு என்ற தயக்கம் இருக்கும். தொகுதியில் வசிப்பவர் என்ற முறையில் வாக்குரிமை இல்லாதவரும் தன் பிரதிநிதிக்கு எழுதலாம். பறவைகளை எண்ணப் பணம் ஒதுக்குங்கள் என்று கேட்பதில் கட்சி அரசியலும் இல்லை.

இதை நம் சங்கங்களிடம் ஏன் குறிப்பாகக் கேட்கிறேன்? லவுடன் கவுண்டி, ஃப்ரெடரிக், மத்திய நியூஜெர்சி, மார்க்கம் போன்ற இடங்களில் புதிதாக எழும் குடியிருப்புகளில் நம்மவர்கள் நிறையப் பேர். வீடு பார்க்கப் போனால் நாம் எல்லோருமே முதலில் கேட்பது பின்னால் மரம் இருக்கிற மனையைத்தான். அதற்குக் கூடுதல் விலையும் கொடுக்கிறோம். காட்டின் ஓரத்தில் குடியிருக்கிறோம் என்றால், நான் மேலே சொன்ன கதையில் நாமும் இருக்கிறோம். மேரிலாந்தில் 1991ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பல மனைகளின் பின்பகுதி பாதுகாக்கப்பட்ட காடாகப் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்கும். அங்கே புல்தரையை நீட்டுவதும், கொட்டகை போடுவதும், புதரைச் சுத்தம் செய்கிறேன் என்று வெட்டுவதும் கூடாது. உங்கள் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வீட்டு உரிமையாளர் சங்கக் கூட்டங்களில் காட்டு ஓரச் சருகை அள்ளிவிடச் சொல்லி யாராவது பேசினால், எழுந்து மறுத்துச் சொல்லுங்கள். வுட் த்ரஷ் இரை தேடுவது அந்தச் சருகில்தான்.

இரண்டாவது வேண்டுகோள் காதுகளுக்கானது. பி.பி.எஸ்.ஸில் எண்ணுபவர் தன் வழித்தடத்தில் பாடும் பறவைகளைக் குரலை வைத்தே அடையாளம் காணத் தெரிந்திருக்க வேண்டும். அது ஓரிரு ஆண்டில் கைவரும் திறமை, சிறு வயதில் தொடங்கினால் மிக நன்றாக வரும். பல ஆண்டுகளாக எண்ணிவரும் தன்னார்வலர்களுக்கு வயதாகிறது. வயது ஏற ஏற, சில வார்ப்ளர் பறவைகளின் மிக உயர்ந்த சுரங்கள் காதுக்கு எட்டாமல் போய்விடும். ஆள் இல்லாமல் காலியாகக் கிடக்கும் வழித்தடங்களின் பட்டியல் பி.பி.எஸ். இணையதளத்திலேயே இருக்கிறது. உங்கள் கவுண்டியைத் தேடிப் பாருங்கள்.

இன்று ஒரு பறவையும் தெரியாதவரும் இதில் நுழைய வழி உண்டு. எண்ணுபவருக்கு உதவியாளராக ஒருவர் போகலாம். வண்டி ஓட்டுவது, நேரம் பார்ப்பது, அவர் சொல்லும் பெயர்களையும் எண்களையும் எழுதுவது இவையெல்லாம் உதவியாளர் வேலை. பறவையைக் கண்டுபிடிக்க மட்டும் அவர் உதவக் கூடாது, அது விதி. ஓட்டுநர் உரிமம் இருக்கிற, கல்லூரிக்குப் போகும் முன்னால் கோடை விடுமுறையில் இருக்கிற பிள்ளைகள் நம் சங்கங்களில் எத்தனை பேர்! விடியற்காலையில் தொடங்கி நண்பகலுக்குள் முடிந்துவிடும். ஒரு தேர்ந்த ஆளின் பக்கத்தில் இருந்து 50 நிறுத்தங்களில் கேட்பதைவிட நல்ல பயிற்சி எந்த வகுப்பிலும் கிடைக்காது. கார்னெலின் மெர்லின் செயலி குரல்களைப் பழக உதவும், அதை வைத்து வீட்டுத் தோட்டத்தில் தொடங்கலாம்.

தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களே, தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பிள்ளைகளும் பெரியவர்களும் ஊர்க் குளத்தையும் வயலையும் சுற்றிவந்து எண்ணி, இ-பேர்ட் (eBird) தளத்தில் பதிவேற்றுகிறார்கள். அதே இணையத் தரவுத்தளத்தில்தான் இங்குள்ளவர்களும் பதிகிறார்கள். பொங்கலுக்கு ஒரு மாதம் கழித்து, பிப்ரவரி நடுவில் வரும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பை நம் பொங்கல் விழாக்களில் அறிமுகப்படுத்தலாம். அப்போது வுட் த்ரஷ் ஹோண்டுராஸில் இருக்கும், கார்டினலும் சிக்கடியும்தான் கிடைக்கும். பழக அவை போதும்.

நம் சமூகத்துக்கு இன்னொரு பலம் உண்டு. தரவுப் பகுப்பாய்வில் பிழைப்பு நடத்துபவர்கள் நம்மில் ஏராளம். 1966 முதலான பி.பி.எஸ். தரவு முழுவதும், வழித்தடம் வாரியாக, பொதுவெளியில் இருக்கிறது. கனடிய அரசின் ஆய்வாளர்கள் அதை ஆராய ஆர் (R) என்ற நிரல்மொழியில் ஒரு திறந்த மென்பொருள் தொகுப்பும் வெளியிட்டிருக்கிறார்கள். உங்கள் மாநிலத்துக்கான வுட் த்ரஷ் வரைபடத்தை நீங்களே வரைந்து சங்க மலரில் போடுங்கள். தமிழில் போடுங்கள். சொந்த ஊரைப் பற்றிய எண் என்றால் மக்கள் நின்று படிப்பார்கள்.

வீட்டளவில் செய்ய வேண்டியவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஆண்டுதோறும் 36.5 கோடி முதல் கிட்டத்தட்ட 100 கோடிப் பறவைகள் வரை கண்ணாடியில் மோதிச் சாகின்றன. அளவுக்கு மீறி மோதும் இனங்களில் வுட் த்ரஷும் ஒன்று. வானளாவிய கட்டடங்களில் சாவது மொத்தத்தில் ஒரு விழுக்காடுகூட இல்லை. ஏறக்குறைய 44 விழுக்காடு ஒன்று முதல் மூன்று மாடி வீடுகளில், அதாவது நம் வீடுகளில். டெக்கைப் பார்த்த பெரிய கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளிகள் ஒட்டினால் போதும். பூனையை வீட்டுக்குள் வையுங்கள். வுட் த்ரஷ் இரவில்தான் வலசை போகும், விளக்கு வெளிச்சம் அதை நகருக்குள் இழுத்துவிடும். தெற்கே திரும்பும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான் நவராத்திரி வருகிறது, பல ஆண்டுகளில் தீபாவளியும் அக்டோபரிலேயே வந்துவிடுகிறது. வீட்டு வாசலில் சரவிளக்கு போடுங்கள், கொண்டாடுங்கள். விருந்தாளிகள் போனதும் அணைத்துவிடுங்கள், விடிய விடிய எரிய வேண்டாம்.

கனடாவில் இருக்கும் சங்கங்களுக்குத் தனியாக ஒரு வரி. அங்கே இந்தக் கணக்கெடுப்பைக் கனடிய வனவுயிர்ச் சேவை நடத்துகிறது. அமெரிக்கப் பக்கம் நின்றுபோனால் உங்கள் தரவும் பாதி அர்த்தம் இழக்கும், ஏனென்றால் பறவைக்கு எல்லை கிடையாது. உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் எழுதுங்கள். டொரண்டோவில் 1993 முதல் ஃப்ளாப் என்ற அமைப்பு கண்ணாடியில் மோதி விழும் பறவைகளை எடுத்துக் காப்பாற்றிவருகிறது, அதற்கும் தன்னார்வலர்கள் தேவை.

ஜூன் வழித்தடங்களுக்கு ஆள் சேர்ப்பது வசந்தத்துக்கு முன்பே நடக்கும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் பி.பி.எஸ். ஒருங்கிணைப்பாளர் ஒருவர் உண்டு, அவருடைய முகவரி இணையதளத்தில் கிடைக்கும். செயற்குழுவில் ஒருவரைப் பொறுப்பாக நியமித்து, உதவியாளராகப் போக விரும்பும் இளைஞர்களின் பெயர்களைத் திரட்டி, பிப்ரவரி முடிவதற்குள் ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்பிவிடுங்கள். பிரதிநிதிகளுக்கு எழுதும் கடிதத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வரைந்துகொடுக்க நான் தயாராக இருக்கிறேன். கூப்பிட்டால் உங்கள் தமிழ்ப் பள்ளிக்கு வந்து பறவைக் குரல்களைப் போட்டுக்காட்டிப் பேசவும் வருகிறேன்.

அன்புடன்,
மேரிலாந்திலிருந்து ஒரு சங்க உறுப்பினர்